கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனதா?

தஞ்சைத்தம்பி:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய மாமா ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலேயன் நம்மிடம் வாங்கிக்கொண்ட சொற்களாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரிதான். நான்காவதாகக் 'காசு – கேஷ்' என்று இருக்கிறது. அத்தை உடனே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'இது லத்தீன் என்று எங்கோ படித்த ஞாபகம்' என்று எழுதிவிட்டேன். அதிலிருந்து மாமா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. அதற்குள் யாராவது தீர்த்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.

மெய்யன்பன்:
இதில் தீர்த்துவைக்க என்ன இருக்கிறது? காசு, கேஷ். இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆங்கிலேயன் சென்னையில் வந்து கடை விரித்து, நம் காசைப் பார்த்து, சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். உங்கள் மாமா சொல்வதே சரி.

வேர்ச்சொல்:
வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது சொற்பிறப்பியல் ஆகாது, ஐயா. கேஷ் என்பதற்கு மூலம் லத்தீன் மொழியின் 'காப்ஸா'. பெட்டி என்று பொருள். பழைய ரோமில் பாப்பிரஸ் சுருள்களை நிறுத்திவைக்கும் உருளை வடிவப் பெட்டிக்கு அந்தப் பெயர். அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'காஸ்' ஆயிற்று. இத்தாலிய வணிகர்கள் பணம் போட்டுவைக்கும் பெட்டியை காஸ்ஸா என்றார்கள். 1598இல் ஜான் புளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, காஸ்ஸா என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது வணிகனின் கேஷ் என்கிறது. அங்கே கேஷ் என்பது பெட்டி, பணம் அல்ல. பெட்டியின் பெயர் பிறகுதான் உள்ளே இருப்பதற்கு ஏறியது.

சென்னையில் கடை விரித்த கதைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இல், சென்னைக்கு வந்தது 1639இல். சொல் அதற்கு முன்பே லண்டனில் அச்சேறிவிட்டது.

மெய்யன்பன்:
வெள்ளைக்காரன் எழுதிய அகராதியில் வெள்ளைக்காரனுக்குச் சாதகமாகத்தானே இருக்கும். தமிழ் என்றால் மட்டும் ஆயிரம் சான்று கேட்பீர்கள், லத்தீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவீர்கள்.

நெறியாளர்:
சொல்லோடு சண்டை போடுங்கள், ஆளோடு வேண்டாம்.

பெட்டியடி:
வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பதினொன்று கம்பிக் கூண்டுக்குள் பணம் எண்ணியே கழிந்தது. அதனால் ஒன்று கேட்கிறேன்: 'கேஷியர்' என்ற சொல்லைப் பாருங்கள். பிரெஞ்சில் 'கெஸ்' என்றால் பெட்டி, 'கெஸ்யே' என்றால் பெட்டிக்குப் பொறுப்பானவர். அங்கிருந்துதான் கேஷியர். பணத்தை எண்ணுகிறவர் என்பதைவிடப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் என்பதுதான் அதன் அடிப்பொருள்.

இது நமக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்து நகரத்தார் வட்டிக்கடைகளில், பர்மாவிலும் மலாயாவிலும், வேலை பழக வரும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்றுதான் பெயர். கைப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதச் சொன்னதை எழுதி, கொண்டுவரச் சொன்னதைக் கொண்டுவருவான். மளிகைக் கடையில் இன்றும் 'கல்லாவில் யார்?' என்றுதானே கேட்கிறோம்? பெட்டியைச் சொன்னால் பணமும் ஆளும் அதிலேயே அடங்கிவிடும். இத்தாலியனும் அப்படித்தான் பேசியிருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், என் கூண்டின் மேல் தொங்கிய பலகையில் ஆங்கிலத்தில் கேஷியர், தமிழில் 'காசாளர்'. மொழிபெயர்த்தவர் எவராயினும், ஒலியையும் பிடித்துப் பொருளையும் பிடித்திருக்கிறார். பதினொரு ஆண்டுகள் அதன் கீழே உட்கார்ந்திருந்தும் இரண்டும் உறவில்லாத சொற்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழங்காசு:
இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பெரிய அகராதி எதை எடுத்தாலும் தனித்தனிப் பதிவாகவே இருக்கும். ஒன்று வேர்ச்சொல் சொன்ன பெட்டி. மற்றொன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர். அந்த இரண்டாவது கேஷ் சந்தேகமே இல்லாமல் நம் காசுதான். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் தமிழ்க் காசு என்றே இருக்கிறது. ஆகவே வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

என்னிடம் ஒரு செப்புக் காசு இருக்கிறது. எழுதும்போது மேசையில்தான் கிடக்கிறது. ஒன்பது கிராம் சொச்சம், பழைய ஒரு ரூபாய் அளவு. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், 1808 என்று ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ், நான்கு ஃபுலூஸ் ஆகும்' என்ற வாசகம். அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தில் அடித்தது. பாரசீகத்தில் காஸ், ஆங்கிலத்தில் கேஷ், கையில் வாங்கியவன் வாயில் காசு. ஒரே உலோகத்தில் மூன்றும் இருக்கும்போது இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. ஆங்கிலேயர் குறிப்பில் பணம் 'ஃபேனம்' ஆகும், வராகன் 'பகோடா' ஆகும், காசு 'கேஷ்' ஆகும். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்து, மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று வைத்தபோது இந்த ஏற்பாடு முடிந்தது.

கணக்கப்பிள்ளை:
3360ஐ மூன்றரையால் வகுத்தால் ரூபாய்க்கு 960 காசு வருகிறது. அப்படியானால் உங்கள் மேசையில் கிடப்பது ரூபாயில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அந்தக் காலத்துக்கு நல்ல சில்லறைதான்.

பழங்காசு:
சரியாகச் சொன்னீர்கள். இந்த வகைக் காசு இத்தனை பேரிடம் சுத்தமாக இருப்பதற்கே ஒரு கதை உண்டு. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் பல டன் பத்துக் காசு, இருபது காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் மூழ்கி எடுத்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. சென்னைக் கடைத்தெருவில் தேய்ந்து போகவேண்டியவை கடலடியில் கட்டியாக ஒட்டிக்கிடந்தன. என்னுடையதும் அதில் ஒன்று. ஒருவர் கையும் படாத காசு, ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை.

தஞ்சைத்தம்பி:
பழங்காசு ஐயா, இதை அப்படியே மாமாவுக்கு அனுப்பலாம் போலிருக்கிறது. ஒரு சந்தேகம்: காசு என்பது 'சு' என்றுதானே முடிகிறது, அது எப்படி 'ஷ்' ஆனது? பாரசீகத்தில்கூட காஸ் என்றுதான் வருகிறது.

வேர்ச்சொல்:
நல்ல கேள்வி. இதன் சுவையான பகுதியே இதுதான். குற்றவாளி போர்ச்சுக்கீசியன்.

1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தவர்கள், 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். கரையோரம் முழுக்க சில்லறை நாணயத்துக்குக் காசு என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே 'காய்ஷா' என்ற சொல் இருந்தது. பெட்டி என்று பொருள். அயல்சொல் காதில் விழுந்தால் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொள்வது மனித இயல்பு. காசைக் காய்ஷா என்றே எழுதிவைத்தார்கள். அந்த ஷகரம்தான் ஆங்கிலத்துக்குப் போயிற்று.

இப்போது பாருங்கள், போர்ச்சுக்கீசியக் காய்ஷாவுக்கு மூலம் எது? அதே லத்தீன் காப்ஸா. ஆக, நம் காசு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும்போதே பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏறியது. லண்டனில் போய் இறங்கினால், இத்தாலி வழியாக வந்த அசல் பெட்டி அங்கே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. மாமா ஏமாந்ததில் வியப்பில்லை.

பழங்காசு:
இரண்டும் ஆங்கில அச்சில் ஒரே ஆண்டில் எட்டிப் பார்க்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புளோரியோ 1598. அதே 1598இல் லின்ஸ்ஹோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் ஆங்கிலத்தில் வந்தது. ஜாவாவின் சுந்தாப் பகுதியில் காய்ஷா என்ற செப்பு நாணயம் தவிர வேறு பணமில்லை, நடுவில் துளை, இருநூறோ ஆயிரமோ ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள் என்று எழுதுகிறார். அந்த நாணயம் எவ்வளவு பெரியது என்பதற்கு அவர் காட்டும் அளவைக் கேளுங்கள்: ஹாலந்தின் 'டாய்ட்' அளவு இருக்குமாம்.

பெட்டியடி:
டாய்ட் என்றால் துட்டா!

பழங்காசு:
துட்டேதான். டச்சுக்காரனின் சிறு செப்பு நாணயம் 'டாய்ட்'. தமிழில் அது துட்டு ஆயிற்று. நாம் காசைக் கொடுத்தோம், துட்டை வாங்கினோம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஜாவாவில் சந்தித்துக்கொள்கின்றன.

மெய்யன்பன்:
துட்டு டச்சுச் சொல்லா? அதுவும் போயிற்றா?

யாழ்வாசி:
மனம் தளராதீர்கள், அண்ணா. எங்கள் ஊரில் பணம் என்று சொல்பவரே குறைவு, எல்லாவற்றுக்கும் காசுதான். சம்பளக் காசு, கலியாணக் காசு, காசு அனுப்பியாயிற்றா என்றுதான் கேட்போம். சிங்களத்திலும் 'காசி' உண்டு. சொல் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி: ஜாவாவில் துளை போட்ட நாணயம் என்றால் அது சீனக் காசல்லவா? தமிழ்ப் பெயர் எப்படி அதற்குப் போனது?

பழங்காசு:
அதேதான். போர்ச்சுக்கீசியர் இந்தியக் கரையில் பழகிய பெயரைக் கிழக்கே எடுத்துப்போய், சில்லறையாகக் கண்ட எல்லாவற்றுக்கும் ஒட்டினார்கள். ஆங்கிலேயரும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சதுரத் துளையுள்ள சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றுவரை பெயர் கேஷ். சீனர்கள் தங்கள் மொழியில் அப்படிச் சொல்வதே இல்லை. உலகத்தின் எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும், ஹான் காலத்துச் செப்புக் காசுக்குக் கீழே அட்டையில் கேஷ் என்று எழுதியிருக்கும். சென்னைக் கணக்கில் செத்துப்போன சொல் சீனாவின் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. மெய்யன்பன் பெருமைப்பட விரும்பினால் இங்கே தாராளமாகப் படலாம்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்களையும் விடக்கூடாது. 1620 முதல் 1845 வரை அங்கே இருந்தவர்கள். அவர்கள் அடித்த செப்பு நாணயங்களில் 'காஸ்' என்றே பொறித்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'காஸ்ஸெ' என்றால் பெட்டி, அதுவும் காப்ஸாவின் பேரப்பிள்ளை. கோபன்ஹேகன் எழுத்தர் கணக்கெழுதும்போது காஸ்ஸெயில் எத்தனை காஸ் என்று எழுதிக் குழம்பியிருப்பாரோ என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மெய்யன்பன்:
சரி, இரண்டு சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் நம் காசுக்குச் சமஸ்கிருதத்தில் மூலம் தேடும் வேலை மட்டும் வேண்டாம். அடுத்து அதற்குத்தான் வருவீர்கள் என்று தெரியும்.

வேர்ச்சொல்:
வந்துவிட்டேன். 'கர்ஷ' என்ற எடையளவையிலிருந்து காசு வந்திருக்கலாம் என்று அகராதிகள் ஐயக்குறிப்போடு எழுதுகின்றன. அந்த 'இருக்கலாம்' என்பதைப் படிக்காமல் ஒருசாரார் ஆடுகிறார்கள், ஒருசாரார் கொதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பழந்தமிழில் காசு நாணயமாகவே தொடங்கவில்லை என்பது.

குறுந்தொகை 67ஆம் பாட்டு நினைவிருக்கிறதா? கிளி வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது எப்படி இருக்கிறது? புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தால் பிடித்திருக்கும் 'பொலங்கல ஒருகாசு' போல இருக்கிறது. வேப்பம்பழம் தட்டை இல்லை. மஞ்சளாக, நீள் உருண்டையாக இருக்கும். ஆகவே அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன்மணி. மகளிர் இடையில் அணியும் மேகலையிலும் இந்தக் காசுகள் வருகின்றன. மணியாக இருந்தது பின்னால் நாணயத்துக்குப் பெயராயிற்று. காசுமாலையில் இரண்டு பொருளும் மறுபடி ஒன்றாகத் தொங்குகின்றன.

தமிழாசிரியை:
வெண்பாவின் ஈற்றுச்சீரை மறந்துவிட்டீர்களே. அதற்கான வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, 'காசுக்குப் பதிலாகப் பணம் என்று வாய்பாடு சொல்லக்கூடாதா டீச்சர்?' என்று ஆண்டுதோறும் ஒருவன் கேட்பான். இரண்டும் பொருளில் ஒன்றுதான், ஆனால் காசு என்பதன் குற்றியலுகரம் பணத்துக்கு வராது என்று சொல்லி உட்காரவைப்பேன்.

நாணயமாகிவிட்ட காசுக்கு எனக்குப் பிடித்த சான்று தேவாரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பஞ்சகாலம். திருவீழிமிழலையில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் பலிபீடத்தில் ஒவ்வொரு காசு கிடைத்ததாக வரலாறு. சம்பந்தரின் காசை மாற்றப்போனால் கடையில் வட்டம் பிடிக்கிறார்கள். உடனே பாடுகிறார்: 'வாசி தீரவே காசு நல்குவீர்.' வாசி என்றால் மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தொகை. கடவுளிடம் முத்தி கேட்டுப் பாடியவர் பலர், நாணய மாற்றுக் கழிவைப் பற்றி முறையிட்டவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
பெரிய கோயில் கல்வெட்டையும் சேருங்கள். ராசராசன் காலத்தில் காசை ஊர்ச்சபையிடம் கொடுத்துவைத்து, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, வாங்கிக் கோயில் செலவை நடத்தினார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்று எந்த வங்கி தருகிறது?

பெட்டியடி:
வங்கிக்காரனைக் கேட்காதீர்கள், ஓய்வுபெற்ற பிறகாவது நிம்மதியாக இருக்கிறேன்.

தஞ்சைத்தம்பி:
இன்னும் ஒன்று. சூட்கேஸ் என்பதில் இருக்கும் கேஸும் காப்ஸாதானா?

வேர்ச்சொல்:
ஆமாம். பெட்டி. மாத்திரை கேப்ஸ்யூல் சின்னப் பெட்டி. நாம் பாட்டுக் கேட்ட கேசட்டும் சின்னப் பெட்டி. ஆனால் கோர்ட்டில் நடக்கும் கேஸ் வேறு. அது 'விழுதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, நேர்ந்தது என்ற பொருள். முந்திரியின் கேஷ்யூ தென்னமெரிக்கத் தூப்பி மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அதையும் காசோடு சேர்த்துப் பட்டியல் போடும் ஆட்கள் உண்டு, மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இராணுவ அதிகாரியை 'கேஷியர்' செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அதற்கு வேலையிலிருந்து அவமானப்படுத்தி நீக்குதல் என்று பொருள். அதற்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை, அது உடைத்தல், செல்லாதாக்குதல் என்ற வேரிலிருந்து வந்தது.

பெட்டியடி:
கணக்கில் பத்து ரூபாய் குறைந்த நாட்களில் இரண்டு கேஷியரும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

தஞ்சைத்தம்பி:
ஞாயிறு முடிந்தது. அறிக்கை தருகிறேன்.

சாப்பாட்டுக்கு முன் பேச்சை எடுக்கவில்லை. மோர் சாதம் வரும்போது மெதுவாகத் தொடங்கினேன். பெட்டிக் கதையைச் சொன்னபோது மாமா முகம் இறுகியது. கப்பல் மூழ்கிய கதையில் கொஞ்சம் தளர்ந்தது. சீனக் காசுக்குத் தமிழ்ப் பெயர் என்றதும் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். துட்டு டச்சு என்று சொன்னபோது மட்டும் 'அதெல்லாம் இருக்காது' என்றார்.

கை கழுவியதும் பூஜையறைக்குப் போய், விபூதி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துவந்தார். அவருடைய அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம், அந்தக் காலத்தில் திருவிதாங்கூர். அந்த டப்பாவில் ஒரு செப்பு நாணயம். சங்கு முத்திரை, மலையாள எழுத்து, அதோடு ஆங்கிலத்தில் தெளிவாகக் கேஷ், எட்டு. என் மூக்குக்கு நேரே நீட்டி, 'ஆங்கிலத்திலேயே போட்டிருக்கிறானே, படி' என்றார். படித்தேன். இந்தக் காசைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதுதான் சரி, மாமா என்றேன். பாயசம் இரண்டாம் முறை வந்தது.

பழங்காசு:
அருமை! திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். 1949 வரை நடந்த கணக்கு. இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், எந்த மன்னர் காலத்தது என்று பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்க்கவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். மேல்படலம் போனால் மதிப்பும் போய்விடும்.

தஞ்சைத்தம்பி:
அத்தை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேய்த்திருக்கிறாராம், ஐயா. முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது.